கோபுரம் கறுப்பாக விழவில்லையா? மரச்செதுக்கு அச்சில் வரும் பழுதுகளும் அவற்றைக் கண்டுபிடிக்கும் வழியும்

வேலூர்க் கோட்டையை, ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தை, ஆற்காட்டு டெல்லி கேட்டை மரக்கட்டையில் செதுக்கி அச்செடுக்கும்போது வரும் பழுதுகள் ஒரு பத்துக்குள் அடங்கிவிடும். அச்சு சரியாக விழவில்லை என்றதும் கை நேராக உளிக்குப் போகிறது. அதுதான் முதல் தப்பு. மையைக் கூட்டலாம், குறைக்கலாம். தாளை மாற்றலாம். அழுத்தத்தை மாற்றலாம். வெட்டியெடுத்த மரம் மட்டும் திரும்ப முளைக்காது; கட்டையில் விட்டுவைத்த மேடுதான் மை பிடித்துக் கறுப்பாக விழும், வெட்டிய பள்ளம் வெள்ளையாக நிற்கும். அதனால் சோதிக்கும் வரிசை எப்போதும் மை, அழுத்தம், தாள், கடைசியில் கட்டை.

கீழே உள்ள அளவுகள் எல்லாம் 30 × 40 செ.மீ. அளவில் 9 அல்லது 12 மி.மீ. பிளைவுட், எண்ணெய் மை, ரப்பர் ரோலர், மரக்கரண்டியால் தேய்த்து எடுக்கும் அச்சு என்று வைத்துச் சொன்னவை. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் தலைமுடி மாதிரி கோடுகளோடு கட்டடப் படங்கள் இருக்கும். அவை மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில், பாக்ஸ்வுட் போன்ற இறுகிய மரத்தில், எழுத்தாணி போன்ற கருவியால் கீறியவை. பலகை முகத்தில் அந்த நுணுக்கம் வராது. பிளைவுட்டில் அரை மி.மீ.க்குக் குறைந்த கோட்டை நிற்கவைக்க நினைப்பது வீண் சண்டை.

பழுது எங்கே என்று கண்டுபிடிக்க

எதையும் மாற்றாமல் செய்தித்தாளில் மூன்று அச்சு எடுங்கள். மூன்றிலும் பழுது அதே இடத்தில் விழுந்தால் கட்டையிலோ அடியில் உள்ள மேசையிலோ குறை. இடம் மாறி மாறி விழுந்தால் மை, அல்லது தேய்க்கும் கை. அடுத்து கட்டையை மேசைமேல் அரைச்சுற்று திருப்பி வைத்து நான்காவது எடுங்கள். வெளிறிய பகுதி கட்டையோடு சேர்ந்து திரும்பினால் கட்டைதான். திரும்பாமல் உங்கள் உடம்புக்கு எதிர்ப்பக்கத்திலேயே இருந்தால் கை எட்டவில்லை, அல்லது மேசை சமமில்லை. பத்து நிமிடம் ஆகும். இதைச் செய்யாமல் எடுத்த முடிவுகள் பாதி தப்பாகப் போகும்.

கறுப்பில் உப்பு தூவினது மாதிரி வெள்ளைப் புள்ளிகள்

புதுக் கட்டை என்றால் முதல் இரண்டு மூன்று அச்சு அப்படித்தான் வரும். மரம் மையைக் குடிக்கிறது. முதல் தடவை மெல்லிய பூச்சாக ஆறேழு முறை ரோலர் ஓட்டுங்கள். நான்காவது அச்சுக்கு முன் தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

நான்குக்குப் பிறகும் பரவலாகப் புள்ளி இருந்தால் தாளைப் பாருங்கள். கைத்தாள் அழகுதான், ஆனால் 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) கைத்தாளின் மேடுபள்ளத்தைக் கரண்டியால் தேய்த்து அமுக்க முடியாது, பிரஸ் வேண்டும். கரண்டிக்கு 40 முதல் 70 ஜி.எஸ்.எம்.க்குள் மெல்லிய, நீள நார் உள்ள தாள் போதும். தடித்த தாள்தான் வேண்டும் என்றால் அதை முந்தின இரவே நனைத்து, ஒற்றுத்தாள்களுக்கு நடுவே அடுக்கி, பிளாஸ்டிக் உறையில் மூடி வையுங்கள். காலையில் தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் மினுக்கக் கூடாது. இதில் நம்ம ஊருக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. சித்திரை வைகாசி வெயிலில், தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தால், தாளை எடுத்துக் கட்டைமேல் வைத்துத் தேய்த்து முடிப்பதற்குள் ஓரங்கள் காய்ந்துவிடும். நடுவில் நல்ல கறுப்பு, நான்கு ஓரமும் நரைத்திருக்கிறது என்றால் விசிறிதான் காரணம். அச்செடுக்கும் நேரத்துக்கு நிறுத்துங்கள். விடியற்காலையில் வேலையை வைத்துக்கொள்வது அதைவிட நல்லது.

ஒரே இடத்தில் மட்டும் வெளிறினால் அங்கே கட்டை பள்ளம். இரும்பு ஸ்கேலை விளிம்பில் நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள்; வெளிச்சம் கசியும் இடம்தான் பள்ளம். உப்புத்தாள் போட்டு மற்ற இடத்தைத் தேய்க்கப் போகாதீர்கள். அந்தப் பள்ளத்தின் வடிவில் டிஷ்யூ தாளைக் கிழித்து, கட்டையின் பின்பக்கம் நேர் எதிரே பசையில் ஒட்டுங்கள். ஒன்று போதவில்லை என்றால் அதைவிடச் சிறிதாக இன்னொன்று. கத்தரித்து ஒட்டினால் விளிம்பு அச்சில் தெரியும், கிழித்து ஒட்டினால் தெரியாது. கட்டை தடிமனாக இருந்து பின்பக்கம் ஒட்டினது எடுபடவில்லை என்றால், தேய்க்கும்போது தாளின் மேல் போடும் மறைப்புத்தாளில் ஒட்டுங்கள்.

கறுப்பில் மர ரேகை தெரிவது பழுதா, அழகா என்பது படத்தைப் பொறுத்தது. அகழித் தண்ணீருக்குக் கிடை ரேகை இலவசமாகக் கிடைத்த அலை. கோபுர நிழலுக்குள் அது ஒட்டாது. வேண்டாம் என்றால் செதுக்குவதற்கு முன்பே ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு இரண்டு பூச்சு பூசி, 320 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

நுண்கோடுகள் அடைத்துக்கொள்கின்றன

ஜலகண்டேஸ்வரர் கோபுரம் ஏழு நிலை. ஒவ்வொரு நிலையிலும் சுதைச் சிற்பங்கள், சின்னச் சின்ன மாடங்கள். மூன்றாவது அச்சிலேயே இவை கறுப்புக் கூழாகிவிட்டால் முதல் சந்தேகம் மையின் மேல்.

ரோலர் ஓடும் சத்தத்தைக் கேளுங்கள். கண்ணாடிப் பலகையில் மை சரியான அளவில் பரவியிருந்தால் பட்டுத்துணியைக் கிழிப்பது மாதிரி மெல்லிய சர்ர்ர் என்ற சத்தம் வரும். சப்சப் என்று ஈரமாக ஒட்டிப் பிரிந்தால் மை அதிகம். மேற்பரப்பையும் பாருங்கள். வெல்வெட் மாதிரி மங்கலாக இருக்க வேண்டும். ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி விழுந்திருந்தால் பாதியை வழித்து எடுத்துவிடுங்கள். ஒரு அச்சுக்குப் பிறகு கூட்டும் மை ஒரு கொண்டைக்கடலை அளவுக்கு மேல் போகத் தேவையில்லை.

கோடையில் இன்னொரு காரணம் உண்டு. பகல் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது, குளிர்நாட்டுக்காகச் செய்த மை டப்பாவிலேயே இளகிவிடும். அளவு குறைத்தாலும் பள்ளத்துக்குள் வழியும். ஒரு மேசைக்கரண்டி மைக்கு மெக்னீசியம் கார்பனேட் தூள் இரண்டு மூன்று சிட்டிகை போட்டு, தட்டைக்கத்தியால் அரைத்துக் கலந்து பாருங்கள். கத்தியால் தூக்கினால் மை நூலாக ஒழுகாமல், சற்று நீண்டு அறுந்து விழ வேண்டும். அதற்கு மேல் தூளைக் கூட்டினால் திரும்ப உப்புப் புள்ளியில் போய் நிற்கும்.

ஏற்கெனவே அடைத்த கட்டைக்கு: மை பூசாமல் செய்தித்தாளில் இரண்டு அச்சு எடுங்கள். அதுவே பெரும்பகுதி மையை உறிஞ்சிவிடும். மிச்சத்தை மெல்லிய முடியுள்ள பழைய பல்துலக்கியால் கோட்டின் திசையிலேயே தட்டி எடுங்கள். ஊசியால் குத்தினால் கோட்டின் தோள் உடையும்.

மை சரி, ரோலரும் கடினமான ரப்பர்தான், அப்படியும் அடைக்கிறது என்றால்தான் வெட்டின் ஆழம். கோடுகளுக்கு நடுவே இடைவெளி 1 மி.மீ. என்றால் ஆழமும் அந்த அளவாவது வேண்டும்.

ஊரில் அச்சகத்தில் வாங்கிய ஆஃப்செட் மையைப் போடுபவர்களுக்கு வேறொரு தொல்லை வரும். அந்த மைக்குப் பிசுக்கு அதிகம். தாளைத் தூக்கும்போது ரோமத்தைப் பிடுங்கிக்கொண்டு வரும். கறுப்பில் வெள்ளைப் பஞ்சு தெரியும். ஒரு மேசைக்கரண்டிக்கு மிளகு அளவு வாசலின் கலந்தால் பிசுக்கு இறங்கும். கூடிப்போனால் மை வாரக்கணக்கில் காயாது.

தூணும் கொத்தளமும் உடைகின்றன

இந்தப் பழுதின் வேர் படம் வரைந்த நாளிலேயே இருக்கிறது. மர நார் ஓடும் திசையில் மெல்லிய கோடு நிற்கும். நாருக்குக் குறுக்கே அதே கோடு பிஸ்கட் மாதிரி உதிரும். பிளைவுட் வாங்கும்போது முகத்து நார் எந்தப் பக்கம் என்று பார்த்து, படத்தில் மெல்லியதாக நிற்க வேண்டிய கோடுகளில் பெரும்பாலானவை எந்தத் திசையோ, அதற்கேற்பக் கட்டையை அறுக்க வேண்டும். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்கள் என்றால் நார் நெட்டுக்கு ஓடட்டும். கோட்டை மதிலும் அகழியும் என்றால் கிடையாக. இரண்டும் ஒரே படத்தில் இருந்தால் எது மெல்லியதோ அதற்கே முன்னுரிமை. மற்றதைத் தடித்த கோடாக வரைந்துகொள்ளுங்கள்.

அடுத்த காரணம் கத்தி பிடிக்கும் சாய்வு. கோட்டின் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட அகலமாக, மலைச்சரிவு மாதிரி இருக்க வேண்டும். கத்தி கோட்டுக்கு அடியில் நுழைகிற மாதிரி சாய்ந்துவிட்டால் கோடு காளான் மாதிரி நிற்கும். பத்து அச்சில் தலை போய்விடும். மண்டபத் தூணில் பாயும் குதிரையின் முன்காலை எடுத்துக்கொள்ளுங்கள். 30 செ.மீ. படத்தில் அது 2 மி.மீ. அகலம், நாருக்குச் சரிவாக ஓடுகிறது. அந்தக் காலின் இரு ஓரத்திலும் முதலில் கத்தியால் ஒரே இழுப்பில் அல்ல, குளம்பிலிருந்து முழங்கால் வரை ஒரு கீறல், முழங்காலிலிருந்து தோள் வரை ஒரு கீறல் என்று தனித்தனியே, நார் எந்தப் பக்கம் கத்தியை இழுக்கிறதோ அதற்கு எதிராக அல்லாமல் போட வேண்டும். பிறகு 2 மி.மீ. தள்ளி யு உளியால் காலை நோக்கி வாராமல், காலுக்கு இணையாக வாருங்கள். சிராய் கிளம்பினாலும் முதலில் போட்ட கீறலில் வந்து நின்றுவிடும். கீறல் இல்லாமல் உளியை ஓட்டினால் சிராய் குதிரையின் வயிறு வரை போகும்.

கொத்தளத்தின் பல்வரிசையில் உளியை ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவராதீர்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவுக்கு வெட்டினால் மூலை பெயராது.

உடைந்த துண்டு கையில் இருந்தால் அப்போதே ஃபெவிக்விக் ஒரு சொட்டு வைத்து ஒட்டிவிடுங்கள். தொலைந்துவிட்டால் எம்-சீல் பிசைந்து, சுற்றியுள்ள மட்டத்துக்குச் சற்று மேடாக நிரப்பி, ஒரு நாள் இறுகவிட்டு, 320 உப்புத்தாளைச் சின்ன மரக்கட்டையில் சுற்றித் தேய்த்துச் சமமாக்கி மறுபடி செதுக்கலாம். கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிய இழப்புக்கு எம்-சீல் சரிவராது. மை அதில் வேறு மாதிரி பிடிக்கும். அதே பிளைவுட்டில் அதே நார்த்திசையில் துண்டு அறுத்துப் பதியுங்கள்.

வெட்டின் ஓரம் பிசிறுகிறது

உளி மழுங்கிவிட்டது. கழிவுத் துண்டில் நாருக்குக் குறுக்கே ஒரு வாரு வாரிப் பாருங்கள். பள்ளம் பளபளவென்று இருந்தால் கூர்மை சரி. வெண்பஞ்சாகக் கிழிந்திருந்தால் தீட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் சாணைக்கல்லுக்குப் போகத் தேவையில்லை. கால் மணிக்கு ஒரு முறை தோலில் பச்சைப் பாலீஷ் பேஸ்ட் தடவி, கூர்முனை பின்னால் வருகிற மாதிரி பத்து இழுப்பு இழுத்தால் போதும்.

தோலுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமா? ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் கழிவுத்தோல் எடைக்கு எடை கிடைக்கும். ஆனால் ஷூ மேல்பாகத்துக்குப் போகும் மெத்தென்ற குரோம் பதனீட்டுத் தோலை வாங்காதீர்கள். அழுத்தினால் அமுங்கி, உளியின் முனையை உருட்டிவிடும். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்டார்களே, அந்த வழியில் தாவரச் சாற்றில் பதனிட்ட, விறைப்பான அடித்தோல் வேண்டும். அதைப் பலகையில் ஃபெவிகால் போட்டு ஒட்டிவிடுங்கள்.

வி உளி மட்டும் பிசிறுகிறது, மற்றவை நன்றாக வெட்டுகின்றன என்றால் இரண்டு சிறகும் ஒரே அளவில் தீட்டப்படவில்லை. மூக்கில் சின்னக் கொக்கி நின்றால் அடிவிளிம்பைக் கல்லில் மெல்ல உருட்டுங்கள். மூக்கு உள்வாங்கியிருந்தால் சிறகுகளைத்தான் குறைக்க வேண்டும்.

மண்டபம் பக்கம் மாறிவிட்டது

ஜலகண்டேஸ்வரர் கோயில் ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போனதும் கல்யாண மண்டபம் இடக்கைப் பக்கம். அச்சில் அது வலப்பக்கம் நின்றால் உள்ளூர்க்காரர் எவரும் ஒரு நொடியில் பிடித்துவிடுவார். கட்டையில் உள்ளது தாளில் இடவலம் மாறி விழும் என்பது எல்லாருக்கும் தெரியும். பிசகுவது ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவை திருப்பிவிடுவதில்தான்.

லேசர் பிரின்ட் அல்லது ஜெராக்ஸைக் கவிழ்த்து வைத்து, பின்பக்கம் தின்னர் தடவித் தேய்த்தால் கட்டையில் படம் தானாகவே திரும்பி விழும். கணினியில் திருப்பக் கூடாது. (இங்க்ஜெட் பிரின்ட் இதற்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.) கார்பன் தாள் வைத்து மேலிருந்து வரைந்தால் படம் திரும்பாது, கணினியில் திருப்பித்தான் எடுக்க வேண்டும்.

முழுக்கச் செதுக்கிய பிறகுதான் தெரிந்ததா? அந்தக் கட்டையின் அச்சையே கார்பன் தாளோடு புதுக் கட்டைமேல் வைத்துப் படியெடுங்கள். புதுக் கட்டை சரியாக விழும்.

மதில் செங்கல் சுவர் மாதிரி இருக்கிறது

கோட்டை மதில் கருங்கல். பெரிய பெரிய கற்கள், இறுக்கமான இணைப்பு. ஒவ்வொரு இணைப்பையும் ஒரே தடிமனில் வெள்ளைக்கோடாக வெட்டினால் அச்சில் கல் தெரியாது, காரை பூசின கோடுகள்தான் தெரியும். வெயில் ஒரு பக்கத்திலிருந்து வருகிறது என்று முடிவு செய்து, வெயில் படும் முகத்தில் இணைப்புகளைக் கறுப்புக்கோடாக நிறுத்துங்கள்; நிழல் முகத்தில் ஆறில் ஒரு இணைப்பை மட்டும் வெள்ளையாகத் திறந்தால் போதும். டெல்லி கேட் வேறு; செங்கல்லும் சுண்ணாம்பும். அங்கே பூச்சு உதிர்ந்த மாதிரி சீரற்ற சின்னக் கொத்துகள் பொருந்தும். 1846-இல் கோட்டைக்குள் எழுப்பிய தேவாலயத்தின் வெள்ளைச் சுவருக்கு எதையும் செய்யாதீர்கள், வெறும் தாளே சுவர்.

கோபுரம் பின்னால் சாய்வதுபோல் இருந்தால் குறை போட்டோவில். கீழே நின்று போனைத் தூக்கி எடுத்த படத்தில், இயல்பாகவே மேலே குறுகும் கோபுரம் இன்னும் குறுகிவிடும். கட்டைக்கு மாற்றுமுன் கோபுரத்தின் அடியில் உள்ள கல்காரப் பகுதியின் (கல்லால் கட்டிய பகுதி) நேர்க்கோடுகள் செங்குத்தாக வரும்வரை திருத்திக்கொள்ளுங்கள்.

வானத்தில் கீறல்கள் விழுகின்றன

அகலமான வெள்ளைப் பகுதியில் ரோலர் அமிழ்ந்து, வாரிய மேடுகளில் மை தொட்டுவிடுகிறது. இடைவெளி அகலமாக அகலமாக ஆழமும் கூட வேண்டும். விரல் அகல வானத்துக்கு 3 மி.மீ. வரை. அதற்கு முன்னால், கட்டையின் ஓரத்தில் அதே உயரத்துக்கு இரண்டு பட்டிகளை வைத்து ரோலரை அவற்றின்மேல் ஓட்டிப் பாருங்கள், பல சமயம் அதுவே தீர்த்துவிடும். சில கீறல்களை விட்டுவைப்பதும் நல்லதுதான். உளியின் தடமே இல்லாத வானம் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி இருக்கும்.

இரண்டாவது நிறம் நகர்ந்துவிடுகிறது

நகர்வை அளந்து பாருங்கள். எல்லா அச்சிலும் ஒரே அளவு, ஒரே திசை என்றால் தாளை ஒரே இடத்தில் பொருத்தி வைக்கக் கட்டையில் வெட்டும், ஜப்பானியர் கெந்தோ என்று சொல்லும் மூலைக்குறி தப்பாக வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் வேறுவேறு என்றால் தாளை வைக்கும் கை. முதல் அச்சில் சரியாக இருந்து போகப்போகக் கூடினால் தாள் காய்ந்து சுருங்குகிறது. ஈரத்தாள் என்றால் இரண்டு நிறத்தையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள். இரண்டாம் கட்டைக்குப் படம் மாற்ற, முதல் கட்டையின் அச்சைச் சுருங்காத பிளாஸ்டிக் ஷீட்டில் எடுத்து, ஈரத்தோடு இரண்டாம் கட்டையில் கவிழ்த்துத் தேய்ப்பதுதான் நம்பகமானது.

பத்து நாளாகியும் விரலில் ஒட்டுகிறது

எண்ணெய் மை நீர் வற்றுவதுபோல் உலர்வதில்லை. காற்றில் உள்ள ஆக்சிஜனைப் பிடித்து இறுகுகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில், அடுக்கி வைத்த தாள்களுக்கு நடுவே காற்று போகாவிட்டால் இறுகாது. கொடியில் கிளிப் போட்டுத் தனித்தனியே தொங்கவிடுங்கள். மையைச் சீக்கிரம் இறுகவைக்கக் கலக்கும் கோபால்ட் உலர்த்தி இரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம்.

கொடியில் தொங்கியும் காயவில்லை என்றால் சமையலறையைச் சந்தேகப்படுங்கள். கட்டையைக் கடலை எண்ணெயால் துடைத்துவிட்டு அப்படியே வைத்திருப்பீர்கள். மையில் உள்ள லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) இறுகும், கடலை எண்ணெய் இறுகவே இறுகாது. அது அடுத்த மையில் கலந்து, கோட்டைச் சுற்றி மஞ்சள் ஒளிவட்டமாகத் தாளில் ஊறும். எண்ணெயால் துடைத்த பிறகு டர்பன்டைன் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள்; அரக்கைக் கரைத்த ஸ்பிரிட் வேண்டாம், அது பூசிய அரக்கையே கரைத்துவிடும். லின்சீட் ஆயில் ஊறிய துணிகளைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். குவியலுக்குள் சூடேறி, நெருப்புப் படாமலே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் போடுங்கள்.

கட்டை வளைந்துவிட்டது

ஒரு பக்கம் செதுக்கி, மறுபக்கம் மூடியே இருந்தால் ஈரம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் போய்வராது. குழிந்த பக்கம்தான் காய்ந்த பக்கம். அதில் ஈரத்துணியை இரண்டு மணி நேரம் போட்டு, சமமான தரையில் கனம் ஏற்றி இரண்டு நாள் விடுங்கள். நிமிர்ந்த பிறகு பின்பக்கமும் அரக்கு பூசுங்கள். எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) என்றால் தண்ணீரே காட்டக் கூடாது, ஊதிவிடும்.

கடைசியாக, உளி

மேலே சொன்னதெல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் ஒரு மாடம் இருட்டாக இருக்கிறது, ஒரு தூணுக்கு வெளிச்சம் போதவில்லை என்றால் இப்போது வெட்டலாம். நேராகக் கட்டையில் போகாதீர்கள். காய்ந்த அச்சில் வெள்ளைப் போஸ்டர் கலரால் அந்த இடத்தை மூடிப் பார்த்து ஒரு நாள் சுவரில் மாட்டிவையுங்கள். மறுநாளும் சரி என்று பட்டால் தாளைத் திருப்பி, முதுகுப்பக்கம் உங்களைப் பார்க்கும்படி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுங்கள். வெளிச்சத்தில் ஊடுருவித் தெரியும் படம் கட்டையில் உள்ளது மாதிரியே இடவலம் மாறி இருக்கும், வெள்ளை பூசிய இடம் மட்டும் திட்டாகத் தெரியும். அதைப் பார்த்துக் கட்டையில் சிவப்புப் பென்சிலால் குறியிட்டு, சிவப்புக்கு அரை மி.மீ. உள்ளே நிறுத்தி வெட்டுங்கள்.